திருக்கடையூர் வந்தவர்களுக்குத் தரங்கம்பாடி: இரண்டு மணி நேரமா, ஒரு பகலா, ஓர் இரவா?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமோ சதாபிஷேகமோ நடத்தத் திட்டமிடும் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. காலையில் சடங்குகள் முடிந்து, பந்தி பரிமாறி, பெரியவர்களிடம் ஆசி பெற்ற பிறகு, வேன் நிற்கிறது, உறவினர்கள் இருக்கிறார்கள், பகலில் பாதி மீதமிருக்கிறது. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தெற்கே கடற்கரையில் தரங்கம்பாடி இருக்கிறது. போகும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமா, இன்னொரு நாளைத் தனியே ஒதுக்கி வரலாமா, அன்றிரவு அங்கேயே தங்கிவிடலாமா என்பதில்தான் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. மூன்று வழிகளிலும் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன் என்பதால், மூன்றையும் ஒரே அளவுகோல்களில் நிறுத்திப் பார்க்க முயல்கிறேன்.

## எவற்றை வைத்து முடிவு செய்வது

முதலாவதும் மிக முக்கியமானதும் வெயில். தரங்கம்பாடியில் பார்க்க வேண்டியவை எல்லாம் திறந்தவெளியில் உள்ளன. கோட்டை முற்றத்திலும், கடற்கரைச் சாலையிலும், கோட்டைக்கு முன்னுள்ள மைதானத்திலும் நிழல் மிகக் குறைவு. கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கரை முழுவதும் ஒளியில் இருக்கும், பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வெயில் தணிந்து காற்று சுகமாக வரும். இவ்விரண்டு வேளைகளில் எத்தனை உங்களுக்குக் கிடைக்கின்றன என்பதே பயணத்தின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, திறந்திருக்கும் நேரம். கோட்டையும் அதனுள் உள்ள அருங்காட்சியகமும் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை, வெள்ளிக்கிழமை விடுமுறை. காலை பத்து மணிவாக்கில் திறந்து மாலை ஆறு மணிக்கு முன்பே மூடிவிடுவது வழக்கம். முகூர்த்த நாள் வெள்ளிக்கிழமையில் அமைந்துவிட்டால், கோட்டையை வெளியிலிருந்து மட்டுமே பார்க்க முடியும் என்பதை முன்னரே உறவினர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாவது, நடை. பேருந்துச் சாலையிலிருந்து நகர வாயில் வழியாக ராஜா வீதியில் நடந்து கோட்டையை அடைய ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இளைஞர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அதிகாலையில் எழுந்து, ஈரப் பட்டுடன் கலசாபிஷேகம் செய்துகொண்ட அறுபது, எண்பது வயதுத் தம்பதிக்கு அன்றைய தினம் அது பெரிய தூரம்.

நான்காவது, செலவு. இதில் நுழைவுக்கட்டணத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம், அது மிகச் சிறிய தொகை. வேன் வாடகை, ஓட்டுநருக்கான பேட்டா, அறை வாடகை, உணவுக்காக வேறு ஊருக்கு ஓடும் தூரம் ஆகியவைதான் கணக்கைக் கூட்டுகின்றன.

## முதல் வழி: போகிற போக்கில் இரண்டு மணி நேரம்

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இரண்டு மணி நேரத்தில் கோட்டையை உள்ளும் புறமும் பார்க்கலாம், கடற்கரையில் சற்று நிற்கலாம், மாசிலாமணிநாதர் கோயிலைத் தரிசிக்கலாம். அதற்கு மேல் நேரம் இராது.

கோட்டையை மட்டும் பார்ப்பதாக இருந்தாலும் அதன் பின்னணியைத் தெரிந்துகொண்டு போனால் அந்த இரண்டு மணி நேரம் பயனுள்ளதாகும். 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாத நாயக்கர் டென்மார்க்குடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில், ஓவே யெட்டே என்ற தளபதியின் தலைமையில் வந்த டேனியர்கள் கட்டியது இந்த டேன்ஸ்போர்க் கோட்டை. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் பொன் ஏட்டில் அனுப்பிய மடல் இன்றும் அந்நாட்டில் பாதுகாக்கப்படுகிறது. கடலைப் பார்த்து நிற்கும் முதன்மைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சரக்கறைகளும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் அதிகாரிகள் வாழ்ந்தார்கள். மிளகு உள்ளிட்ட சரக்குகளை வாங்கிக் கப்பலேற்ற வந்தவர்கள் ஏறத்தாழ 225 ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டு, 1845-இல் வங்காளத்திலிருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுச் சென்றார்கள்.

கோட்டைக்கு வடக்கே கடலோரமாக நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் கோட்டையைவிட முந்நூறு ஆண்டுகள் மூத்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. இந்த ஊரைச் சடங்கன்பாடி என்று குறிக்கும் கல்வெட்டு இங்கேதான் உள்ளது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது; மீதமிருந்ததைக் காப்பாற்றிப் புதுப்பித்திருக்கிறார்கள். அலைகள் கோயிலுக்கு எவ்வளவு அருகில் மோதுகின்றன என்பதை நேரில் பார்க்கும்போதுதான் ஒரு கடற்கரை ஊர் எதற்கு அஞ்சி வாழ்கிறது என்பது புரிகிறது. அவசரத்தில் கோட்டையோடு திரும்பிவிடுகிறவர்கள் இக்கோயிலைத் தவறவிடுகிறார்கள். கோட்டைக்குள் செலவிடும் நேரத்தில் பதினைந்து நிமிடத்தைக் குறைத்தாவது இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

இந்த வழியின் மறைமுகச் செலவு, நேரம் தவறி அமைவதுதான். பந்தி முடிந்து ஒரு மணிக்குக் கிளம்பினால், ஒன்றரை மணிக்குக் கோட்டை முற்றத்தில் இருப்பீர்கள். அந்த வேளையில் தரையிலிருந்து எழும் அனலில் யாரும் எதையும் நின்று பார்ப்பதில்லை. குழந்தைகள் தண்ணீர் கேட்பார்கள், பெரியவர்கள் வேனிலிருந்து இறங்கவே மாட்டார்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் திரும்பிவிடுவீர்கள். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், திருக்கடையூரிலேயே அறையில் ஓய்வெடுத்துவிட்டு மூன்றரை மணிக்குப் புறப்படுங்கள். அறையைக் காலி செய்யும் நேரத்தைச் சற்று நீட்டிக்க விடுதியில் கேட்பதற்குச் சிறிது பணம் கூடுதலாக ஆகலாம்; அது வீண்செலவு அல்ல. நான்கு மணிக்குக் கோட்டைக்குள் நுழைந்து, ஐந்து மணிக்குக் கோயிலுக்கு வந்து, ஆறு மணிக்கு வண்டியேறினால், இரண்டே மணி நேரமானாலும் நிறைவாக இருக்கும்.

## இரண்டாம் வழி: தனியாக ஒரு முழுப் பகல்

ஊரின் உண்மையான செல்வம் கோட்டையில் அல்ல, கோட்டைக்கும் நகர வாயிலுக்கும் இடைப்பட்ட வீதிகளில் இருக்கிறது என்று கருதுகிறவர்களுக்கு இதுவே குறைந்தபட்சத் தேவை. 1792-இல் கட்டப்பட்ட நகர வாயிலில் டென்மார்க் அரசின் முத்திரை இன்னும் தெளிவாக உள்ளது. அதன் வழியாக நடந்தே உள்ளே நுழையுங்கள், வேனில் கடந்துவிடாதீர்கள். ராஜா வீதியில் 1701-இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718-இல் தமிழ்ச் சபையினருக்காக எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் எதிரும் புதிருமாகச் சற்றுத் தள்ளி நிற்கின்றன. இரண்டாவது ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் பெயர்ச் சின்னத்தைக் காணலாம்.

அந்த ஆலயத்தைக் கட்டிய பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று, இருபத்து மூன்று வயது இளைஞராக இங்கே வந்திறங்கினார். ஜெர்மானியக் கிறித்தவ மதபோதகராகிய அவர் தெருப் பள்ளியில் சிறுவர்களோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டார். அவரை அனுப்பியது டென்மார்க் மன்னர்தான் என்றாலும், உள்ளூர் டேனிய ஆளுநரோடு ஏற்பட்ட மோதலில் 1708-இன் இறுதியில் கோட்டையிலேயே சிறை வைக்கப்பட்டார். நான்கு மாதங்கள் உள்ளே இருந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு 1713-இல் தமிழ் அச்சுப் பணி தொடங்கியது. புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அருகிலுள்ள பொறையாரில் ஒரு காகிதப் பட்டறையையே நிறுவினார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயரில் அந்த நினைவு இன்னும் ஊர்ப்பெயராக நிற்கிறது. முப்பத்தாறு வயதில், 1719-இல் மறைந்த சீகன்பால்குவின் கல்லறை அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் வாழ்ந்த வீட்டில் 2017 முதல் ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தமிழில் முதன்முதலாக அச்சடித்த ஊர் தரங்கம்பாடி என்று பலரும் சொல்லக் கேட்கலாம். கொல்லத்தில் 1578-லேயே தமிழ் நூல் அச்சாகிவிட்டது. அந்த முயற்சிகள் தொடராமல் நின்றுபோயின. தரங்கம்பாடி அச்சகம் தொடங்கிவைத்த பணி தொடர்ந்து நடந்தது. அதுவே போதிய பெருமை, இல்லாத முதன்மையை அதற்குச் சூட்ட வேண்டியதில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது இதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

முழுப் பகல் பயணத்தின் சிக்கல் நண்பகல். காலை ஏழு மணிக்கு நகர வாயிலில் தொடங்கினால் வீதிகளையும் ஆலயங்களின் வெளிப்புறத்தையும் பத்து மணிக்குள் நிதானமாகப் பார்த்துவிடலாம். பிறகு கோட்டையும் அருங்காட்சியகங்களும் பன்னிரண்டு மணி வரை. அதன் பின் மூன்றரை மணி வரை உட்கார்ந்து இளைப்பாற ஊருக்குள் பொது இடம் என்று அதிகமில்லை, குடும்பமாக அமர்ந்து உண்ணும் உணவகங்களும் சிலவே. இந்த மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு திட்டம் இல்லாவிட்டால் பகல் பயணம் பாதியில் குலைந்துவிடும். பொறையாருக்குச் சென்று சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து தில்லையாடிக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் அது. காந்தியடிகள் 1915-இல் இங்கு வந்திருக்கிறார். நினைவு மண்டபத்தின் நிழலில் ஒரு மணி நேரம் கழிவது தெரியாது. வேன் இருந்தால் போக வரச் சில நிமிடங்களே ஆகும்.

வாகனம் இல்லாதவர்களுக்கும் இந்த வழி பொருந்துகிறது. ரயிலில் வருவோர் மயிலாடுதுறையில் இறங்கி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பேருந்தில் வரலாம். காரைக்கால் பக்கமிருந்தும் பேருந்துகள் உண்டு. காரைக்காலில் அறை எடுத்துத் தங்கி, பகலில் மட்டும் தரங்கம்பாடிக்கு வந்து திரும்புவது, இருவர் மூவராக வரும் இளைஞர்களுக்குச் செலவு குறைந்த ஏற்பாடு. நண்பகலில் அறைக்கே திரும்பிவிட்டு மாலையில் மறுபடி வரவும் முடியும்.

## மூன்றாம் வழி: ஓர் இரவு தங்குதல்

இரவு தங்குகிறவர்களுக்கு ஒரு மாலையும் ஒரு காலையும் கிடைக்கின்றன. நண்பகல் வெயிலைத் தொடவே வேண்டியதில்லை. மூன்றரை மணிக்கு வந்து, மூடும் முன் கோட்டையின் உட்புறத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மறுநாள் அதிகாலையில் கோட்டை திறந்திருக்காது. மாலையில் கடற்கரையில் அமரலாம். மறுநாள் விடியுமுன் எழுந்து கோயிலருகே நின்றால், கடலிலிருந்து சூரியன் ஏறுவதையும், இரவு மீன்பிடிக்கப் போன படகுகள் கரை திரும்புவதையும், கோட்டைச் சுவரில் முதல் வெயில் விழுவதையும் ஒருசேரக் காணலாம். ஏழு மணிக்கு வீதிகளில் நடக்கத் தொடங்கினால் வாசலில் கோலமிடுவோர் தவிரக் கூட்டம் இராது. பதினொரு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஊரின் அமைதிக்கும் ஒரு காரணம் உண்டு. ஆங்கிலேயர் வாங்கிய பிறகு 1860 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் இங்கே இருந்தது. பின்னர் அது தஞ்சாவூருக்குப் போனது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகமும் அங்கே நகர்ந்தது. அதனால்தான் இந்த வீதிகள் இடித்துக் கட்டப்படாமல் எஞ்சின. பகலில் வேன்கள் வந்து போகும்போது இது கண்ணில் படுவதில்லை, இரவு எட்டு மணிக்கு ராஜா வீதியில் நடக்கும்போது புரிகிறது.

செலவு இதில்தான் அதிகம். ஆங்கிலேயர் காலப் பங்களா ஒன்றை மரபுவழி விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். கடலை நோக்கிய அதன் தாழ்வாரம் மிக அழகானது, வாடகையும் அதற்கேற்ப உயர்வு. அறைகள் குறைவு என்பதால் சனி, ஞாயிறுகளுக்கு முன்பதிவு அவசியம். வேன் எடுத்து வருவோர் ஓட்டுநரின் இரவு பேட்டாவையும், அவர் படுப்பதற்கான இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவருக்குச் சரியான இடம் ஏற்பாடு செய்யாமல் வண்டியிலேயே உறங்க விடுவது நியாயமும் அல்ல, மறுநாள் நெடுஞ்சாலைப் பயணத்துக்குப் பாதுகாப்பும் அல்ல. இருபது பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்த வழி பெரும்பாலும் கட்டுப்படியாகாது. தம்பதியும் பிள்ளைகளும் மட்டும் தங்கிக்கொண்டு, மற்ற உறவினர்களை வேனில் அனுப்பிவிடுவது நடைமுறைக்கு ஏற்றது.

## மூன்றும் ஒரே பார்வையில்

| அளவுகோல் | இரண்டு மணி நேரம் | முழுப் பகல் | ஓர் இரவு |
|---|---|---|---|
| வெயில் | மாலை நான்கு மணிக்கு வந்தால் நன்று. நண்பகலில் வந்தால் வீண் | நண்பகல் மூன்றரை மணி நேரத்துக்கு மாற்று ஏற்பாடு தேவை | தவிர்த்துவிடலாம் |
| பார்க்கக்கூடியவை | கோட்டை, கடற்கரை, மாசிலாமணிநாதர் கோயில் | இவற்றோடு வீதிகள், ஆலயங்கள், அருங்காட்சியகங்கள், தில்லையாடி | தில்லையாடி தவிர அனைத்தும், கூடவே சூரியோதயம் |
| நடை | குறைவு, வண்டி கோட்டை வரை போகும் | அதிகம் | மிதம், இரு வேளையாகப் பிரிகிறது |
| மறைமுகச் செலவு | திருக்கடையூர் அறையைச் சில மணி நேரம் நீட்டித்தல் | உணவுக்கும் ஓய்வுக்கும் வெளியே செல்லுதல் | அறை வாடகை, ஓட்டுநர் பேட்டா |
| யாருக்கு ஏற்றது | முதியோரும் உறவினர் கூட்டமும் | மாணவர், வரலாற்று ஆர்வலர், பேருந்தில் வருவோர் | தம்பதியர், சிறு குடும்பம், புகைப்படம் எடுப்போர் |

## எதனோடு சேர்ப்பது

தரங்கம்பாடியோடு பூம்புகாரையும் ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம் என்று சிலர் கணக்கிடுகிறார்கள். பூம்புகார் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடக்கே, அதாவது எதிர்த்திசையில் உள்ளது. இரண்டுக்கும் நடுவில்தான் திருக்கடையூர். ஒரே பிற்பகலில் இரண்டையும் வைத்தால் இரண்டுமே கெடும். தெற்கே நாகூர், வேளாங்கண்ணி செல்வோர் தரங்கம்பாடியையும், வடக்கே சீர்காழி, சிதம்பரம் வழியாகத் திரும்புவோர் பூம்புகாரையும் தேர்ந்துகொள்வதுதான் சரி.

திருக்கடையூரிலிருந்து வரும் வழியில் உள்ள அனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலில் மட்டும் அரைமணி நேரம் நிற்கலாம். மூன்று கண்களும் பத்துக் கைகளும் கொண்ட ஆஞ்சநேயருக்காகவே பலர் அங்கே செல்கிறார்கள். 1978-இல் இந்தக் கோயிலிலிருந்து திருடப்பட்ட இராமர், சீதை, இலக்குவன் செப்புத் திருமேனிகள் 2020-இல் லண்டனிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டன.

## மாதமும் கடலும்

ஜனவரி, பிப்ரவரி மாதங்களே மிகச் சிறந்தவை. அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும். அந்த நாட்களில் இரவு தங்கும் முன்பதிவைச் செய்வதற்கு முன், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் முகூர்த்தம் அமைந்தால் முழுப் பகல் என்ற வழியை அடியோடு விட்டுவிடுங்கள். மாலை இரண்டு மணி நேரம் அல்லது ஓர் இரவு, இவ்விரண்டில் ஒன்றே உடம்புக்கு ஒத்துவரும்.

ஓசோன் நிறைந்த கடற்காற்று உடலுக்கு நல்லது என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்லப்படுவதை நம்பி மூச்சுத் தொல்லை உள்ள பெரியவர்களை அழைத்து வர வேண்டாம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் கூடினால் அது நுரையீரலுக்கு எரிச்சலைத்தான் தரும். கடற்காற்று இதமானது, மாலையில் அதற்காக வருவது போதும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், கடலில் இறங்கிக் குளிப்பதைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள். கரையைக் காக்கப் பெரும் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள், அவற்றுக்கிடையே அலை இழுப்பு பலமாக இருக்கும், நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அது ஆபத்து. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் இந்த ஊர் ஏராளமானவர்களைப் பறிகொடுத்தது. பிள்ளைகள் காலை நனைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், பாறைகள் இல்லாத மணற்பகுதி எது என்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர்களிடம் கேளுங்கள். அன்றைய கடலின் போக்கையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.